முதியோர் இல்லத்துக்கு எந்த அளவுகோல்? நடமாட்டத்தையும் பராமரிப்புத் தேவையையும் வகைப்படுத்தும் முறைகளின் ஒப்பீடு

பெரும்பாலான முதியோர் இல்லங்களில் ஒரு வகைப்பாடு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. யாரும் அதை எழுதி வைத்திருப்பதில்லை, அவ்வளவுதான். நடப்பவர், பிடித்து நடப்பவர், படுக்கையில் இருப்பவர் என்று மூன்று வகுப்புகளாகப் பிரித்துத்தான் ஷிப்ட் மாறும்போது தகவல் கைமாறுகிறது. எல்லா ஊழியர்களும் எல்லா முதியவர்களையும் நேரில் அறிந்திருக்கும் சிறிய இல்லத்தில் இது ஓரளவு ஓடும். இரவுப் பணிக்குப் புதிய ஊழியர் ஒருவர் வரும் அன்றுதான் இதன் ஓட்டை தெரியவரும். நடுவில் உள்ள வகுப்பில், வாக்கரைப் பிடித்துத் தானாக நடப்பவரும், அருகில் ஆள் நின்றால் போதும் என்ற நிலையில் இருப்பவரும், இடுப்பைப் பிடித்துக்கொண்டே அழைத்துச் செல்ல வேண்டியவரும், இருபுறமும் இருவர் தாங்கினால் மட்டுமே நிற்பவரும் ஒன்றாக அடைபட்டிருக்கிறார்கள். இந்த நால்வருக்கும் ஆகும் வேலை வேறு, நேரம் வேறு, தவறினால் வரும் ஆபத்தும் வேறு. முதியவர் கீழே விழுவதும் ஊழியரின் முதுகு பிடித்துக்கொள்வதும் இந்த நடு வகுப்பில்தான் அதிகம் நேர வாய்ப்புண்டு. ஏனெனில் நடப்பவருக்கு உதவி தேவைப்படுவதில்லை, படுக்கையில் இருப்பவரை யாரும் தனியாக நிறுத்த முயல்வதுமில்லை.

ஆகவே எழுதி வைக்கப்பட்ட, புதியவருக்குக் கற்றுக்கொடுக்கக்கூடிய ஓர் அளவுகோல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எது என்று தேர்ந்தெடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஓர் இல்லத்தில் வகைப்பாடு நான்கு வெவ்வேறு முடிவுகளுக்குத் தேவைப்படுகிறது. இந்த நிமிடம் இவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது என்பது முதல் முடிவு. அதை எடுப்பவர் பக்கத்தில் நிற்கும் பராமரிப்பாளர், அவருக்குக் கிடைப்பது சில நொடிகள். வரும் மாதங்களுக்கு இவருடைய பராமரிப்புத் திட்டம் என்ன என்பது இரண்டாவது. அதைச் செவிலியர், பிசியோதெரபிஸ்ட், குடும்பத்தார், முதியவர் ஆகியோர் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை பேரை நிறுத்துவது என்பது மூன்றாவது. கட்டணம் அல்லது மானியம் எவ்வளவு, இவரைத் தொடர்ந்து வைத்துப் பார்த்துக்கொள்ள நம்மால் இயலுமா என்பது நான்காவது. இந்த நான்குக்கும் ஒரே எண் போதும் என்று நினைப்பதுதான் இத்துறையில் மிகப் பரவலான பிழை என்பது என் உறுதியான கருத்து. அப்படி ஒரே எண்ணை வைத்துக்கொள்ளும் இல்லத்தில், பணம் சம்பந்தப்பட்ட நான்காவது முடிவு மெல்ல மெல்ல மற்ற மூன்றையும் தனக்கேற்ப வளைத்துக்கொள்கிறது. எனவே ஒவ்வொரு முறையையும் “இது நல்லதா?” என்று கேட்காமல், “இந்த நான்கில் எதற்கு உதவும்?” என்று கேட்டே இங்கே ஒப்பிடுகிறேன்.

காட்ஸ், பார்தெல்: அன்றாடச் செயல்களை அளப்பவை

மிக எளியது காட்ஸ் குறியீடு. சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் 1963-இல் வெளியிட்ட இந்த அளவுகோல், குளித்தல், உடுத்துதல், கழிவறைக்குச் செல்லுதல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், மலசலக் கட்டுப்பாடு, உண்ணுதல் என்ற ஆறு செயல்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் தானாகச் செய்கிறாரா, பிறரைச் சார்ந்திருக்கிறாரா என்று மட்டும் கேட்கிறது. இந்தத் திறன்கள் பெரும்பாலும் ஓர் ஒழுங்கில் குறைகின்றன, குளிப்பது முதலில் கைவிட்டுப் போகிறது, உண்பது கடைசிவரை நிற்கிறது என்பது அந்தக் குழுவினர் கண்டறிந்த முக்கியமான செய்தி. இல்லம் முழுவதையும் ஒரே நாளில் கணக்கெடுக்க வேண்டுமானால் இதைவிட விரைவானது இல்லை. ஆனால் நடத்தல் இதில் தனிச் செயலாக இடம்பெறவே இல்லை. இடம் மாறுவது மட்டுமே உண்டு. உதவி எவ்வளவு என்பதற்கும் அளவில்லை: பொத்தான் போடுவதற்கு மட்டும் கை தேவைப்படுபவரையும் முழுக்க உடுத்திவிட வேண்டியவரையும் பிரித்துக்காட்ட இதில் வழி குறைவு. நடமாட்டத்தை வகைப்படுத்துவது நோக்கமானால் காட்ஸை முதன்மை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்றே சொல்வேன்.

பார்தெல் குறியீடு 1965-இல் வெளியானது. இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. பத்துச் செயல்கள், ஐந்தைந்தாக ஏறும் மதிப்பெண்கள், மொத்தம் 100. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கு 15, சமதளத்தில் நடப்பதற்கு 15, படியேறுவதற்கு 10 என நூறில் நாற்பது மதிப்பெண் நடமாட்டத்துக்கே போகிறது. அந்த முதியவரை அன்றாடம் பார்க்கும் செவிலியர் சில நிமிடங்களில் இதை நிரப்பிவிடலாம். இதை நிரப்பும்போது கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு: அவரால் என்ன செய்ய முடியும் என்பதைக் குறிக்கக் கூடாது, அவர் அன்றாடம் என்ன செய்கிறார் என்பதையே குறிக்க வேண்டும். பிசியோதெரபி அறையில், உற்சாகமூட்டும் குரலுக்கு நடுவில், பத்தடி நடந்து காட்டுபவர், அறைக்குத் திரும்பியதும் சக்கர நாற்காலியை விட்டு இறங்குவதே இல்லை என்றால், பார்தெல் கணக்கில் அவர் நடப்பவர் அல்லர்.

இதன் பெரிய குறை மொத்த மதிப்பெண்ணில் ஒளிந்திருக்கிறது. அதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுவதே நல்லது. பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த, ஆனால் மனத்தெளிவு குன்றாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். உணவைச் சிறு துண்டுகளாக்கித் தந்தால் தானே உண்பார்: 5. குளிக்க உதவி வேண்டும்: 0. முகம் கழுவி, பல் துலக்கி, தலை வாரிக்கொள்வார்: 5. உடுத்தப் பாதி உதவி: 5. மலம், சிறுநீர் இரண்டிலும் முழுக் கட்டுப்பாடு: 10, 10. கழிவறையில் ஓரளவு உதவி: 5. கட்டிலிலிருந்து மாற சிறிய கைத்தாங்கல்: 10. சக்கர நாற்காலியைத் தானே உருட்டிச் செல்வார்: 5. படியேற இயலாது: 0. மொத்தம் 55. அடுத்த அறையில் மறதிநோய் முற்றிய ஒருவர் இருக்கிறார். தடையின்றி நடக்கிறார், எழுகிறார், உட்காருகிறார்: 15, 15. படிக்கு மட்டும் ஆள் வேண்டும்: 5. எடுத்துக்கொடுத்து நினைவூட்டினால் உண்பார்: 5. உடுத்தப் பாதி உதவி, கழிவறையில் வழிகாட்டல்: 5, 5. எப்போதாவது மலம் தவறிவிடும்: 5. சிறுநீர்க் கட்டுப்பாடு இல்லை: 0. குளிக்கவும் முகம் கழுவித் தலைவாரவும் பிறர் வேண்டும்: 0, 0. கூட்டிப் பார்த்தால் இவருக்கும் 55.

முதலாமவருக்கு வேண்டியது நேரம் குறித்து முன்கூட்டியே திட்டமிடக்கூடிய உடலுழைப்பு. காலையில் இவ்வளவு, மாலையில் இவ்வளவு என்று எழுதிவிடலாம், அழைப்பு மணியை அவரே அடிப்பார். இரண்டாமவருக்குத் தூக்குவதற்கு ஆள் வேண்டாம், ஆனால் நடுச்சாமத்தில் எழுந்து கதவைத் தேடி நடப்பவரைப் பார்த்துக்கொள்ள விழித்திருக்கும் ஒரு ஜோடிக் கண்கள் வேண்டும், அதற்கு எந்த நேர அட்டவணையும் கிடையாது. இருவரையும் “55” என்று எழுதி ஒரே கட்டணப் பிரிவில், ஒரே ஆள்கணக்கில் வைக்கும் இல்லம் இருவரையுமே கைவிடுகிறது. எனவே பார்தெலைத் தேர்ந்தெடுப்பவர்கள் மொத்தத்தைக் கோப்பின் மேலட்டையில் எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டு, பத்து மதிப்பெண்களையும் ஒரே வரியில் எழுத வேண்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: முழுக்கப் படுக்கையில் இருப்பவர்கள் எல்லாரும் பூச்சியத்தை ஒட்டியே குவிந்துவிடுவதால், மூட்டுகள் இறுகிப்போனவர், தொட்டாலே வலியில் துடிப்பவர், கை வைத்தால் எதிர்த்துத் தள்ளுபவர் என்ற பெரிய வேறுபாடுகள் இதில் தெரியாது. மறுமுனையிலும், 100 பெற்றவர் தனியாக வாழக்கூடியவர் என்று பொருள் கொள்ளக் கூடாது என்பதை இதை உருவாக்கியவர்களே தொடக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்.

ஏ முதல் இ வரை: தூக்கும் கைகளுக்கான வகைப்பாடு

அன்றாடச் செயல்களை அளப்பவற்றிலிருந்து முற்றிலும் வேறான வழி, நடமாட்டத்தை மட்டும் ஐந்து படிநிலைகளாகப் பிரிப்பது. நோயாளிகளைத் தூக்கி மாற்றும் கருவிகள் தயாரிக்கும் ஆர்ஜோ நிறுவனம் பரப்பிய ஏ, பி, சி, டி, இ என்ற வரிசையில், ஒவ்வோர் எழுத்துக்கும் ஆல்பர்ட், பார்பரா, கார்ல், டோரிஸ், எம்மா என்று ஒரு கற்பனை மனிதரும் படமும் உண்டு. ஆல்பர்ட் தானாக நடப்பவர், கைத்தடி வைத்திருக்கலாம். பார்பரா வாக்கரைப் பிடித்து ஓரளவு தன்னைத் தாங்கிக்கொள்பவர். கார்ல் சக்கர நாற்காலியில் இருப்பவர், ஆனால் ஒரு காலிலாவது ஓரளவு எடையைத் தாங்குவார். டோரிஸும் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார், ஆனால் நிற்கும்போது தன் எடையைத் தாங்க இயலாதவர். எம்மா படுக்கையிலேயே இருப்பவர், முழுக்கப் பிறரைச் சார்ந்தவர்.

இந்த ஐந்தில் கார்லுக்கும் டோரிஸுக்கும் நடுவில் உள்ள கோடுதான் ஒட்டுமொத்த வகைப்பாட்டின் உயிர். இருவரும் பார்வைக்கு ஒரே மாதிரி நாற்காலியில் அமர்ந்திருப்பார்கள்; மூன்று வகுப்புப் பழக்கத்தில் இருவரும் ஒன்றே. ஆனால் கார்லை நின்றெழ உதவும் கருவியால் ஓர் ஊழியர் மாற்றிவிடலாம். டோரிஸை அதே கருவியில் ஏற்றினால் கால் மடங்கித் தொங்கிவிடுவார், அவருக்கு ஸ்லிங் எனும் தாங்குதுணி பூட்டிய தூக்குக் கருவியே வேண்டும். கருவி இல்லாத இல்லத்தில் இருவர் சேர்ந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார்கள். முதியவரின் தோள்மூட்டும் ஊழியரின் இடுப்பும் ஒரே நேரத்தில் சேதப்படும் வழி அது. நோயாளிகளைக் கையால் தூக்குவதற்கு, நல்ல சூழ்நிலையிலும், 35 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிலோவே பாதுகாப்பான எல்லை என்ற பரிந்துரை 2007-இல் அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவரால் முன்வைக்கப்பட்டது. எழுபது கிலோ எடையுள்ளவரின் ஒரு கால் மட்டுமே பதினொரு கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த எல்லை எவ்வளவு விரைவில் தாண்டப்படுகிறது என்பது விளங்கும்.

இதன் பலம், கல்வி வேறுபாடின்றி எந்த ஊழியரும் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ள முடியும் என்பதும், எழுத்தைச் சொன்னவுடன் கருவியும் ஆள் எண்ணிக்கையும் தெரிந்துவிடும் என்பதும். குறையும் அதே அளவு வெளிப்படையானது: மனநிலை பற்றி இது எதுவும் சொல்வதில்லை. மேலே சொன்ன மறதிநோயாளர் இதில் ஆல்பர்ட். அதாவது, கவலைப்பட வேண்டாதவர். இதை மட்டும் நம்பி ஆள் நிறுத்தும் இல்லத்தில் இரவில் யாரும் இல்லாத தாழ்வாரத்தில் விழுபவர் அவராகத்தான் இருப்பார். எனவே இடம் மாற்றுவது பற்றிய முதல் முடிவுக்கு இது மிகச் சிறந்தது, மற்ற மூன்றுக்கும் போதாதது.

இந்த எழுத்து காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருக்கலாம் என்பதும் நடைமுறையில் பெரிய சிக்கல். பார்கின்சன் நோய் உள்ளவர் மருந்து வேலை செய்யும் நேரத்தில் பார்பராவாகவும் அதன் வேகம் இறங்கும் நேரத்தில் டோரிஸாகவும் இருப்பார். இதற்கு உதவும் துணைமுறை, இடம் மாற்றுவதற்குச் சற்று முன் கட்டிலோரத்தில் செய்யும் நான்கு படிச் சோதனை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, உடலின் நடுக்கோட்டைத் தாண்டிக் கை நீட்டிக் கைகுலுக்கச் சொல்வது முதல் படி. உடற்பகுதியின் நிலைப்பு அதில் தெரிந்துவிடும். காலை நீட்டிப் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்வது இரண்டாவது; தொடைத் தசையின் வலு அதில் தெரியும். எழுந்து நிற்கச் சொல்வது மூன்றாவது. நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கி, பின் ஓரடி முன்னே வைக்கச் சொல்வது நான்காவது. எந்தப் படியில் தடுமாறுகிறாரோ அங்கேயே நிறுத்திவிட்டு, அந்தப் படிக்குரிய கருவியை எடுக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தச் சோதனை பல வீழ்ச்சிகளைத் தடுக்கக்கூடியது. சொன்னதைப் புரிந்துகொண்டு செய்ய இயலாதவரிடம் மட்டும் இது செல்லாது. அவரிடம் கட்டளையிடுவதை விட்டுவிட்டு, நாற்காலியை முன்னே வைத்து அவர் தானாக என்ன செய்கிறார் என்று கவனிப்பதே மேல்.

நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் நேரத்தைக் கணக்கிடும் சோதனை ஏ, பி நிலைகளில் இருப்பவர்களுக்கு மட்டும் பயன்படும். பன்னிரண்டு வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் கொள்கிறது. முதியோர் இல்லத்தில் பெரும்பாலோர் அந்த வரம்பைத் தாண்டியே இருப்பார்கள் என்பதால், ஒருவரை மற்றவரோடு ஒப்பிடுவதற்கு அல்லாமல், ஒரே ஆளின் நேரம் மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்கே இதைப் பயன்படுத்தலாம்.

முழு மதிப்பீடு: நிறைவானது, கனமானது

அடுத்த தேர்வு, மனிதரை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்க்கும் விரிவான மதிப்பீடு. அமெரிக்காவில் 1987-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழி வந்த குறைந்தபட்சத் தரவுத் தொகுப்பும், அதே மரபில் பல நாடுகளில் பயன்படும் இன்டர்ராய் மதிப்பீடும் இந்த வகையைச் சேர்ந்தவை. நியூசிலாந்தில் 2015 முதல் முதியோர் தங்கிடப் பராமரிப்பில் இன்டர்ராய் கட்டாயம். அமெரிக்க முறையில், சேர்ந்த பதினான்கு நாட்களுக்குள் முழு மதிப்பீடு, பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுருக்க மதிப்பீடு, ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் முழுமையாக, இடையில் உடல்நிலையில் பெரிய மாற்றம் வந்தால் அப்போதும் என்று கால ஒழுங்கு வகுக்கப்பட்டிருக்கிறது. அன்றாடச் செயலுக்கு 0 முதல் 6 வரை ஓர் அளவு, அறிவுத்திறனுக்கு 0 முதல் 6 வரை இன்னோர் அளவு, வலி, மனச்சோர்வு, தோல், உணவு, மருந்து என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவு. அந்த இரு “55” முதியவர்களும் இங்கே ஒருபோதும் ஒன்றாகத் தெரிய மாட்டார்கள். இரண்டாவது முடிவுக்கு, அதாவது பராமரிப்புத் திட்டத்துக்கு, இதைவிடச் சிறந்த அடித்தளம் கிடையாது.

ஆனால் இதற்குப் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் வேண்டும், மென்பொருள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, வேறு வேலைக்கு இழுக்கப்படாத செவிலியர் நேரம் வேண்டும். அந்த நேரத்தை உறுதிசெய்ய முடியாத இல்லம் இதைத் தொடங்கினால், முந்தைய காலாண்டின் பதில்களை அப்படியே நகலெடுத்து ஒட்டும் பழக்கம்தான் மிஞ்சும். நிறைவான படிவத்தில் பழைய பதில்கள் இருப்பதைவிட, குறைவான படிவத்தில் இன்றைய உண்மை இருப்பது முதியவருக்கு நல்லது.

நாடுகளின் தர வரிசைகள் கற்பிப்பவை

பணம் சார்ந்த நான்காவது முடிவுக்காகவே அரசுகள் உருவாக்கிய வகைப்பாடுகளை ஓர் இல்லம் தானாகத் தேர்ந்தெடுக்க இயலாது. அந்தந்த நாட்டில் அது சட்டம். இருந்தாலும் அவற்றின் வரலாற்றில் எல்லாருக்குமான பாடங்கள் இருக்கின்றன. ஜெர்மனியில் உடற்பராமரிப்புக்கு ஆகும் நிமிடங்களை மையமாகக் கொண்ட மூன்று படிநிலைகள் நெடுங்காலம் இருந்தன. உடல் வலுவோடு இருக்கும் மறதிநோயாளர்கள் அதில் தொடர்ந்து பின்தள்ளப்பட்டார்கள். 2017 சனவரி முதல் நிமிடக் கணக்கு கைவிடப்பட்டு, ஐந்து தரங்கள் வந்தன. அவற்றில் தன்னைத்தானே கவனித்துக்கொள்வதற்கு 40 விழுக்காடு, நோயையும் சிகிச்சையையும் கையாள்வதற்கு 20, அறிவுத்திறன் அல்லது நடத்தைச் சிக்கல் இவற்றில் எது மிகுதியோ அதற்கு 15, அன்றாட வாழ்வை அமைத்துக்கொள்வதற்கும் சமூகத் தொடர்புக்கும் 15 என்று எடை பிரிக்கப்பட்டது. நடமாட்டத்துக்குக் கிடைத்தது 10 விழுக்காடு மட்டுமே. நடமாட்டத்தில் நாற்பது மதிப்பெண் வைக்கும் பார்தெலோடு இதை அருகருகே வைத்துப் பார்த்தால், எடைகளைத் தீர்மானிப்பது உடலியல் மட்டுமல்ல, எந்த முடிவுக்காக அளக்கிறோம் என்பதே என்று புரியும்.

ஜப்பானில் 2000 ஏப்ரலில் தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு, 74 கேள்விகள் கொண்ட ஆய்வைக் கணினியில் இட்டுப் பராமரிப்பு நிமிடங்களை மதிப்பிடுகிறது. பின்னர் வல்லுநர் குழு ஒன்று, மருத்துவரின் கருத்தையும் ஆய்வாளர் எழுதிய குறிப்புகளையும் படித்து அந்த முடிவை மாற்றலாம். எண் முதலில், மனித மதிப்பீடு பின்னர் என்ற இந்த இரு கட்ட ஏற்பாடு சிறிய இல்லத்திலும் பின்பற்றத் தக்கது. பிரான்சின் தரவரிசையில் 1 என்பது மிக அதிகம் சார்ந்திருப்பவர், 6 என்பது தன்னிறைவானவர். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் எண் ஏற ஏறத் தேவை கூடுகிறது. மருத்துவமனையிலிருந்து வரும் கடிதத்தில் வெறும் எண் மட்டும் இருந்தால், அது எந்த அளவுகோலின் எண், எந்தப் பக்கம் உயர்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கோப்பில் ஏற்றக் கூடாது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஆஸ்திரேலியா எடுத்த முடிவு. அங்கே 2008 முதல் இல்லங்களே தங்கள் முதியவர்களை மதிப்பிட்டு, அதன் அடிப்படையில் மானியம் பெற்றுவந்தன. 2022 அக்டோபர் 1 முதல் அது மாற்றப்பட்டு, வெளியிலிருந்து வரும் சுயேச்சையான மதிப்பீட்டாளர்கள் பதின்மூன்று வகுப்புகளில் ஒன்றைத் தீர்மானிக்கிறார்கள். இறுதிக்கால நோய்த்தணிப்புப் பராமரிப்புக்காகச் சேர்பவர்களுக்குத் தனி வகுப்பு. மற்றவர்கள் முதலில் தானாக நடமாடுபவர், உதவியோடு நடமாடுபவர், நடமாட இயலாதவர் என்று பிரிக்கப்பட்டு, பிறகு அறிவுத்திறனும் கூடுதல் சிக்கல்களும் பார்க்கப்படுகின்றன. நிதிக்கான வகைப்பாடு வேறு, பராமரிப்புத் திட்டத்துக்கான மதிப்பீடு வேறு என்று வெளிப்படையாகப் பிரித்ததுதான் இதன் சிறப்பு. அமெரிக்காவின் பழைய முறையில், சிகிச்சை நிமிடங்கள் கட்டணத்தைத் தீர்மானித்தபோது, அந்த நிமிடங்கள் எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலேயே குவிந்தன. 2019 அக்டோபரில் அந்த முறை கைவிடப்பட்டது. அளப்பவருக்கு அளவினால் ஆதாயம் உண்டு என்றால் அளவு நகரும். ஓர் இல்லத்தின் உள்ளேயும் இது பொருந்தும்: கட்டணப் பிரிவைத் தீர்மானிக்கும் நிர்வாகி, நடமாட்டத் தரத்தை எழுதுபவராக இருக்கக் கூடாது.

என் பரிந்துரை

இருபது, முப்பது பேர் தங்கும், ஒரு ஷிப்டுக்கு ஒரு செவிலியர் மட்டுமே உள்ள இல்லமானால், ஐந்து எழுத்து வரிசையையும் பார்தெலையும் இணைத்துக்கொண்டு, மூன்றாவதாக ஒரே ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வதே போதுமானது. முதல் வரி: ஏ முதல் இ வரையிலான எழுத்து, பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. இரண்டாம் வரி: பார்தெலின் பத்து மதிப்பெண்கள், கூட்டாமல். மூன்றாம் வரி: மனமும் நடத்தையும் சார்ந்த கண்காணிப்பு எவ்வளவு, எந்த நேரத்தில் என்று சொற்களில். இந்த மூன்று வரிகள் முதல் முடிவையும், இரண்டாவதன் பெரும்பகுதியையும் தாங்கும். படுக்கைப்புண் ஆபத்துக்குப் பிரேடன் அளவுகோல் ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்தால் அது தனியே தொடரட்டும். அதை நடமாட்டத் தரத்தோடு கலக்க வேண்டாம். செவிலியர்கள் பலரும், மதிப்பீட்டுக்கென்றே ஒதுக்கிய நேரமும் உள்ள பெரிய இல்லம் மட்டும் இன்டர்ராய் போன்ற முழு மதிப்பீட்டை ஏற்கலாம். அப்போதும் கட்டிலருகே எழுத்துத் தரம் தொடர வேண்டும், ஏனெனில் இரவில் தூக்குபவர் கணினியைத் திறந்து பார்க்கப் போவதில்லை.

மூன்றாவது முடிவான ஆள்கணக்குக்கு மேற்சொன்ன எந்த அளவுகோலையும் நேரடியாகப் பெருக்கிக் கணக்கிடக் கூடாது. ஒவ்வொரு தரத்திலும் சிலரைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் முழுக்க அவர்களுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை பேர் சேர்ந்து செய்கிறார்கள் என்று குறித்துப் பார்த்தால், அந்த இல்லத்தின் கட்டடம், கருவிகள், கழிவறைத் தூரம் எல்லாம் அடங்கிய சொந்தக் கணக்கு கிடைத்துவிடும். டி நிலையில் இருப்பவருக்கு எப்போதும் இருவர் என்பதால், இரவில் ஒரே ஊழியர் இருக்கும் தளத்தில் அப்படிப்பட்டவரை வைக்கலாமா என்ற கேள்விக்கு அந்தக் கணக்கே விடை சொல்லும்.

தரம் இறங்கும்போது கூடுதல் கவனம் தேவை. மருத்துவமனையில் சில நாள் படுத்திருந்து திரும்புபவர் பெரும்பாலும் போனபோது இருந்ததைவிட ஒரு படி கீழேதான் வருவார். அன்றைக்கு அவரை டி என்று குறிப்பது சரி; ஆனால் அதே எழுத்து மறுபரிசீலனையின்றி நின்றுவிட்டால், அதுவே அவரை அந்த நிலையில் கட்டிப்போடும். கருவியால் மட்டுமே தூக்கப்படுபவர் நிற்பதற்கான வாய்ப்பையே இழக்கிறார், நிற்காத கால்கள் சில வாரங்களில் நிற்கும் வலுவையும் இழக்கின்றன. எனவே டி, இ என்று புதிதாகக் குறிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் மறுசோதனைத் தேதி அதே வரியில் எழுதப்பட வேண்டும். தேதி இல்லாத தரத்தைச் செவிலியர் ஏற்கக் கூடாது. விழுந்த பின்னரும், காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ வந்த பின்னரும், தூக்க மருந்து, மனநல மருந்து மாற்றிய பின்னரும் தேதிக்குக் காத்திராமல் சோதிக்க வேண்டும். இரண்டு ஊழியர்கள் இரண்டு எழுத்துகளைச் சொன்னால், தூக்குவதற்குத் தாழ்ந்த தரத்தையும் பயிற்சிக்கு உயர்ந்த தரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் பார்த்தது சோர்ந்த மாலையும் மற்றவர் பார்த்தது தெளிந்த காலையுமாக இருக்கக்கூடும், இரண்டும் உண்மையே.

எழுத்தை எங்கே எழுதி வைப்பது என்பதும் முதியவரைக் கேட்டுச் செய்ய வேண்டியது. பார்க்க வருபவர்கள் எல்லாரும் படிக்கும்படி கட்டிலுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டுவதைச் சிலர் அவமானமாக உணர்வார்கள். அலமாரிக் கதவின் உட்புறமோ, வாக்கரில் கட்டிய சிறிய நிற அட்டையோ அதே வேலையைச் செய்யும். மதிப்பிடும்போதும் அவரைக் கேட்க வேண்டும். கால்களில் வலு இருந்தும் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தால் எழ மறுப்பவருக்கும், வலுவே இல்லாததால் எழாதவருக்கும் பார்வைக்கு ஒரே தரம்தான் வரும்; காரணத்தை அவர் வாயால் கேட்டால்தான் ஒருவருக்குப் பயிற்சியும் மற்றவருக்குக் கருவியும் போய்ச் சேரும்.

புதிய முறைக்கு மாறும்போது எல்லாரையும் ஒரே வாரத்தில் மதிப்பிட முயல வேண்டாம். இப்போது நடு வகுப்பில் இருப்பவர்களிடமிருந்து தொடங்கினால், முதல் சில நாட்களிலேயே சி என்று நினைத்த சிலர் டி ஆக இருப்பதும், பி என்று நினைத்தவர் இரவில் சி ஆக மாறுவதும் தெரியவரும். கருவி வாங்குவதா, இரவுப் பணிக்கு இன்னொருவரைச் சேர்ப்பதா என்ற விவாதம் அந்தப் பெயர்ப்பட்டியலை வைத்தே நடக்கட்டும். ஒரு மாதத்துக்குப் பின் படிவத்தில் யாரும் திறந்து பார்க்காத கட்டங்களை நீக்கிவிடலாம். இரவுத் தரத்துக்கான கட்டத்தை மட்டும், அது காலியாகவே கிடந்தாலும் நீக்கக் கூடாது; அது காலியாக இருந்தால், இரவு ஷிப்டில் மதிப்பீடு நடக்கவில்லை என்று பொருள் கொண்டு அங்கே ஒரு செவிலியரை உட்கார வைத்து நிரப்ப வேண்டும்.